சங்கத்தின் கணக்குப் பெட்டகம்: பைல் சர்வர் அமைக்கும் முறை

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டைக்குச் சென்று வந்த அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். களிமண் ஈரமாக இருக்கும் வரையில் அகலின் விளிம்பையும் பொம்மையின் முகத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். சூளையில் வெந்து வெளிவந்த பின்னர், அதிலுள்ள கோணலை எவராலும் நிமிர்த்த இயலாது. சங்க அலுவலகங்களில் வைக்கப்பெறும் பைல் சர்வர் என்னும் பொதுக் கணிப்பொறியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. வேலை தொடங்கு முன் அதன் ஒழுங்கைத் தீர்மானிப்பது சுலபம். ஐந்நூறு அங்கத்தினர்களின் தஸ்தாவேஜுகள் அதில் ஏறிய பின் மாற்றுவது பெருந்தொல்லை.

யந்திரத்தை வாங்கிப் பொருத்துவது தொழில் தெரிந்தவரின் வேலை. அதில் எந்தச் சேவை நடக்க வேண்டும், யார் எதனைப் படிக்கலாம், யார் எதில் எழுதலாம் என்று முடிவு செய்வது நிர்வாகக் குழுவின் வேலை. முதல் வேலைக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கின்றது. அதனாலேயே இம்மாதப் பாடமாக இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

1. பொதுப் பெட்டகம் எதற்கு?

நாம் அறிந்த ஒரு சங்கத்தில் நடந்ததைக் கூறுவோம். ஊர்ப் பெயர் வேண்டாம். காரியதரிசியின் கணிப்பொறியில் ஒரு பாக்கிப் பட்டியலும் காசாளரின் கணிப்பொறியில் அதன் பிரதியும் இருந்தன. இரண்டுக்குமிடையே ஒரு பென் டிரைவ் போய் வந்துகொண்டிருந்தது. மணிலா பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் தம் தவணையைச் செலுத்தினார். காசாளர் அதைத் தம் பட்டியலில் பதிந்தார். மறுவாரம் காரியதரிசியின் பழைய பட்டியல் அப்படியே காசாளரின் பட்டியலின் மேல் நகல் செய்யப்பட்டது. செலுத்திய தொகை ஏட்டிலிருந்து மறைந்தது. பணம் கட்டிய மனிதருக்குப் பாக்கி நோட்டீஸ் சென்றது. அவர் ரசீதை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தமையால் நியாயம் கிடைத்தது. ரசீது தொலைந்திருந்தால் சங்கத்தின் சொல்லுக்கு எதிராக அவர் சொல் நின்றிருக்குமா?

இக்குற்றம் காசாளருடையதும் அன்று, காரியதரிசியுடையதும் அன்று. ஒரே கணக்குக்கு இரண்டு மூலங்கள் இருந்ததே குற்றம். பைல் சர்வர் என்பது ஒரே மூலத்தை ஒரே இடத்தில் வைத்து, பல மேசைகளிலிருந்தும் அதனைப் பார்க்கவும் எழுதவும் செய்யும் ஏற்பாடு.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அனுமதி அளித்தது. சுமார் 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்பது அன்றைய மதிப்பீடு. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மென்பொருளில் கடன் கணக்கை வைப்பதே அதன் நோக்கம். அவ்வாறாயின் தனியே சர்வர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடன் கணக்கு பொது மென்பொருளில் சேர்ந்தாலும், நிர்வாகக் குழுத் தீர்மானங்கள், சிட்டா அடங்கல் நகல்கள், உர இருப்புப் பட்டியல், கடிதப் போக்குவரத்து முதலியவை அலுவலகக் கணிப்பொறிகளிலேயே தங்குகின்றன. நெசவாளர் சங்கமாயின் நூல் வழங்கல் பட்டியல், கூலிப் பட்டியல், சேலை டிசைன்கள் ஆகியவையும் உண்டு. இவற்றுக்கே பெட்டகம் வேண்டும்.

இதற்குப் பெரிய யந்திரம் தேவையில்லை. நான்கைந்து மேசைகள் உள்ள அலுவலகத்துக்குச் சாதாரணக் கணிப்பொறி ஒன்றும், ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் பதியுமாறு இணைத்த இரண்டு ஹார்டு டிஸ்குகளும் போதும். லினக்ஸ் என்னும் இயக்க ஏற்பாட்டை உரிமக் கட்டணமின்றிப் பெறலாம்.

2. முகவரியும் பொது மொழியும்

இரண்டு யந்திரங்கள் பேசிக்கொள்ள வேண்டுமாயின் இரண்டும் ஒரே முறைக்குக் கட்டுப்பட வேண்டும். அம்முறையைப் புரோட்டோகால் என்பர். தமிழில் நெறிமுறை எனலாம். இன்று உலகெங்கும் வழங்கும் அடிப்படை நெறிமுறை டி.சி.பி./ஐ.பி. என்பது. அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற ஆராய்ச்சி வலையமைப்பு 1983ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி இந்நெறிமுறைக்கு முழுவதும் மாறியது. அன்று தொடங்கி அது பரவிற்று.

இந்நெறிமுறையில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் எண்களாலான முகவரி உண்டு. அலுவலகங்களின் உட்புற உபயோகத்துக்கென்று சில எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன, 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒன்று. கோயிலுள்ள ஊரில் எல்லாம் ஒரு சன்னதித் தெரு இருப்பது போல, இந்த எண்கள் ஆயிரமாயிரம் அலுவலகங்களில் இருக்கலாம். அந்தந்த ஊருக்குள் அந்தந்தச் சன்னதித் தெரு விளங்குவது போல, அந்தந்த அலுவலகத்துக்குள் மட்டுமே இவை விளங்கும். ஆகையால் குழப்பமில்லை.

கணிப்பொறிகளுக்கு முகவரியைத் தானே பங்கிட்டு வழங்கும் சேவைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். இன்டர்நெட் இணைப்புடன் வரும் ரவுட்டரே பெரும்பாலும் இதனைச் செய்துவிடுகின்றது. இங்கே இரண்டு விதிகளை மனத்திற்கொள்க. முதலாவது, சர்வருக்கு என்றும் மாறாத முகவரி வேண்டும். மேசைக் கணிப்பொறிகளின் முகவரி நாளுக்கு நாள் மாறினாலும் பாதகமில்லை. சங்க அலுவலகமே தினமும் இடம் மாறினால் அங்கத்தினர் எங்கே போவார்? ரவுட்டர் 192.168.1.100 முதல் 150 வரை வழங்குமாயின், சர்வருக்கு அவ்வெல்லைக்கு வெளியே 192.168.1.10 என்று நிலையாகக் குறித்துவிடலாம். இரண்டாவது, முகவரி வழங்குபவர் ஒருவரே இருக்க வேண்டும். ரவுட்டரும் சர்வரும் இரண்டுமே வழங்கத் தொடங்கினால், ஒரே எண் இரு யந்திரங்களுக்குப் போய்ச் சேர்ந்து வேலை நின்றுவிடக்கூடும்.

சர்வரைக் கம்பி வழியே இணைப்பது நலம். அலுவலகத்துக்கு வருவோர் தம் கைப்பேசிக்கு வைபை கேட்டால், அதற்குத் தனி இணைப்பு வைக்க வேண்டும். பெட்டகமுள்ள வலையில் வெளியாரைச் சேர்த்தல் கூடாது.

3. கோப்பு வழங்கும் சேவை

முகவரி அமைந்தபின் கோப்புகளை வழங்கும் சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்.டி.பி., என்.எப்.எஸ்., எஸ்.எம்.பி. என்று பலவுண்டு. எப்.டி.பி. மிகப் பழையது, கடவுச் சொல்லை மறைக்காமல் அனுப்பும் குறை அதற்கு உண்டு. என்.எப்.எஸ். என்பது சன் என்ற கம்பெனி 1984இல் வெளியிட்டது. யூனிக்ஸ், லினக்ஸ் யந்திரங்களுக்குள் நன்கு பொருந்தும். எஸ்.எம்.பி. என்பது ஐ.பி.எம். கம்பெனியில் பாரி பெய்கன்பாம் என்பவர் 1983இல் வகுத்தது. பின்னர் விண்டோஸ் கணிப்பொறிகளின் தாய்மொழிபோல் ஆயிற்று. நமது சங்கங்களின் மேசைகளில் பெரும்பாலும் விண்டோஸே இருப்பதால் எஸ்.எம்.பி. ஒன்றே போதும். மூன்றையும் திறந்து வைப்பது, ஒரு வீட்டுக்கு மூன்று வாசல் வைத்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் பூட்டுப் போடுவதை ஒக்கும்.

லினக்ஸ் யந்திரம் விண்டோஸின் மொழியைப் பேசுவது எவ்வாறு? அதற்கு உதவுவது சாம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் அதனை ஆக்கினார். 1992இல் முதன்முதல் வெளியாயிற்று. எஸ், எம், பி என்னும் எழுத்துகள் முறையாக வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் தேடி அவர் கண்டெடுத்த பெயரே சாம்பா. இன்று அதனைப் பல நாட்டாரும் சேர்ந்து வளர்க்கின்றனர். எவரும் விலையின்றிப் பெறலாம். பலர் கூடி உழைத்துப் பயனைப் பொதுவில் வைத்த இக்காரியம் கூட்டுறவாளர்களுக்குப் புதிதன்று.

எஸ்.எம்.பி.யிலும் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்ற வேற்றுமை உண்டு. முதற் பதிப்பை எக்காரணத்தாலும் அனுமதித்தல் ஆகாது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி வானாகிரை என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட யந்திரங்கள் சிக்கின. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளின் வேலையே தடைப்பட்டது. அது நுழைந்த வாயில், எஸ்.எம்.பி. முதற் பதிப்பை விண்டோஸ் கையாண்டதிலிருந்த ஓட்டை. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் சோம்பியிருந்தவர்களே பெரும்பாலும் நஷ்டமடைந்தனர். சாம்பாவும் 2019இல் வந்த 4.11ஆம் பதிப்பு முதல் அப்பழைய வாயிலை இயல்பாகவே மூடிவைக்கின்றது. பழைய ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று சொல்லி அதனை மறுபடி திறக்கச் சொல்வோர் உண்டு. ஸ்கேனரை மாற்றுவது மலிவு.

4. கடிகாரமும் ஒரு சேவையே

பலரும் பொருட்படுத்தாத சேவை ஒன்றுண்டு. அது நேரத்தைச் சரிபார்க்கும் என்.டி.பி. என்பது. தவணைக்குள் செலுத்தும் பயிர்க் கடனுக்கு வட்டியில்லை என்னும் சலுகை நம் மாநிலத்தில் உண்டு. தவணை நாளன்று கட்டியதும் மறுநாள் கட்டியதும் ஒன்றல்ல. கணிப்பொறியின் உள்ளே நாணயம்போல் இருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்தவுடன் அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்த யந்திரத்தில் எழுதிய கோப்பு எந்நாளில் எழுதப்பட்டது என்று பின்னர் தணிக்கையாளர் கேட்டால் விடை சொல்ல இயலாது.

ஆகவே சர்வர் தன் நேரத்தை இன்டர்நெட் வழியே நம்பத்தக்க காலக் கணிப்பொறிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். மேசைக் கணிப்பொறிகள் சர்வரோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிஷம் முந்தியது என்பதை அமைக்கும்போதே குறித்துவிட வேண்டும்.

5. யார் படிக்கலாம், யார் எழுதலாம்?

பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. சர்வரைப் பொருத்த வருபவர், அவசரத்தில், எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்று எல்லாம் சுலபமாக நடக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு பட்டியல் காணாமற்போகும். யார் அழித்தார் என்று எவருக்கும் தெரியாது.

அவர் வருமுன் ஒரு தாளில் கீழ்க்கண்டவாறு எழுதி, நிர்வாகக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றுக.

தீர்மானங்கள்: காரியதரிசி எழுதலாம், தலைவரும் மற்ற சிப்பந்திகளும் படிக்கலாம்.

நகைக் கடன் பத்திரங்கள்: காசாளரும் நகைக் கடன் குமாஸ்தாவும் எழுதலாம், காரியதரிசி படிக்கலாம், மற்றவர்களுக்கு அந்த அடைவே கண்ணில் படலாகாது.

உரமும் விதையும், அல்லது நூல் இருப்பு: கிடங்குப் பொறுப்பாளர் எழுதலாம், காசாளரும் காரியதரிசியும் படிக்கலாம்.

பொது நமூனாக்கள்: எல்லோரும் படிக்கலாம், காரியதரிசி மட்டும் எழுதலாம்.

இதனை நிறைவேற்ற, ஒவ்வொரு சிப்பந்திக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச் சொல்லும் வேண்டும். அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடவுச் சொல் வைத்து, அதையும் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஒருவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ சென்றால், அன்று மாலையே அவர் பெயரை நிறுத்திவிட வேண்டும். இதில் அவர்மீது சந்தேகம் எதுவும் இல்லை. சாவியை ஒப்படைத்துவிட்டுப் போவது எவ்வளவு மரியாதையோ, அவ்வளவே இதுவும்.

சாம்பாவில் இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. அழித்த கோப்பை உடனே தொலைத்துவிடாமல் குப்பைக்கூடை அடைவு ஒன்றில் சில நாள் வைத்திருக்கும்படி செய்யலாம். யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார், மாற்றினார் என்று குறிப்பேடு எழுதச் செய்யலாம். இரண்டையும் முதல் நாளே கேட்டுப் பெறுக. ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் முதலிய அங்கத்தினரின் சொந்த விவரங்களைக் காக்கும் பொறுப்பைப் பற்றி 2023ஆம் ஆண்டில் மத்திய சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டிருக்கிறது.

கோப்புகளின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். யூனிகோடு முறையில் எழுத வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இல் அம்முறையை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேற்படலாகாது. தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்காகி, ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ‘தீர்மானம்’ என்ற சொல் ஒன்றே 27 பைட்டு. ஆகவே பெயர் சுருக்கமாக, ஆண்டும் மாதமும் முன்னே வருமாறு இருப்பது நலம்.

6. திறந்த வாயில்களை எண்ணிப் பார்த்தல்

சர்வரில் நடக்கும் ஒவ்வொரு சேவைக்கும் எண்ணிட்ட ஒரு வாயில் உண்டு. அதனைப் போர்ட் என்பர். கோப்பு வழங்கும் எஸ்.எம்.பி.க்கு 445, தொலைவிலிருந்து பொறுப்பாளர் பழுது பார்க்கும் எஸ்.எஸ்.எச். சேவைக்கு 22; நேரத்துக்கு 123; பொதுப் பிரிண்டர் இருந்தால் 631. நமது அலுவலகத்துக்கு இவை போதும். தீத்தடுப்பு என்று பொருள்படும் பயர்வால் என்னும் காவலை இயக்கி, ஏனைய வாயில்களை எல்லாம் அடைத்துவிட வேண்டும். எஸ்.எஸ்.எச். வாயிலைப் பொறுப்பாளரின் கணிப்பொறிக்கு மட்டும் திறந்துவைப்பது போதுமானது.

ஒரு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். வீட்டிலிருந்தே கோப்பைப் பார்க்க வேண்டுமென்று விரும்பும் எவரேனும், ரவுட்டரில் 445ஆம் வாயிலை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடச் சொல்லலாம். அதற்கு ஒருநாளும் இணங்கற்க. திறந்த வாயில்களைத் தேடி உலகெங்கும் யந்திரங்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டேயிருக்கின்றன. வெளியிலிருந்து வர வேண்டிய அவசியம் உண்மையாகவே இருப்பின், வி.பி.என். என்னும் பூட்டிய தனிப்பாதையை அமைத்துக்கொள்ளலாம்.

7. நகல் இல்லாத பெட்டகம் பெட்டகம் அன்று

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை நம் மாவட்டத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த முந்திரியும் பலாவும் ஓர் இரவில் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. நிவாரணத்துக்கும் கடனுக்கும் பத்திரங்கள் தேடும் காலம் அதுவே. அத்தருணத்தில் சங்கத்தின் கோப்புகள் நனைந்த யந்திரத்துக்குள் இருந்தால் அங்கத்தினர் கதி என்ன?

இரட்டை டிஸ்க் இருக்கிறதே என்று எண்ணி அமைதியுறலாகாது. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றொன்று காக்கும். ஆனால் ஒருவர் கோப்பைத் தவறாக அழித்தால் இரண்டிலும் ஒருசேர அழியும். ஆகவே வேறாக நகல் வேண்டும். இவ்வேலையில் தேர்ந்தோர் கூறும் கணக்கு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். நடைமுறையில், இரவுதோறும் சர்வர் தானாக ஒரு நகல் எடுக்கட்டும். இரண்டு வெளி டிஸ்குகளை வாரம் மாற்றி வாரம் இணைத்து, நகல் முடிந்தவுடன் கழற்றி, ஒன்றை வேறு ஊரில் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். கழற்றி வைத்த டிஸ்கை வானாகிரை போன்றவை தொட முடியாது. வெளியே செல்லும் டிஸ்க் கடவுச் சொல்லால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மின்சாரம் திடீரென நின்றால் சர்வர் தானே முறைப்படி மூடிக்கொள்ள யு.பி.எஸ். ஒன்றும் அவசியம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை நிர்வாகக் குழுவினர் கண் முன்னே திரும்ப எடுத்துக் காட்டச் செய்க. எடுத்துப் பார்க்காத நகலை நம்புதல், முளைப்புத் திறன் பாராத விதையை நிலத்தில் இடுவதற்குச் சமம்.

8. நிர்வாகக் குழு கேட்க வேண்டிய வினாக்கள்

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்களும் நிர்வாகிகளும் பின்வருவனவற்றைக் கேட்டு, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுமாறு வேண்டுகின்றோம்.

(1) நமது பட்டியல்கள் ஒரே மூலத்தில் இருக்கின்றனவா, பல பிரதிகளாகத் திரிகின்றனவா?

(2) சர்வரின் முகவரி நிலையானதா? முகவரி வழங்குவது ஒரே யந்திரமா?

(3) எந்தெந்தச் சேவைகள் நடக்கின்றன? ஒவ்வொன்றும் எதற்காக? காரணம் சொல்ல இயலாதது மூடப்பட்டதா?

(4) எஸ்.எம்.பி. முதற் பதிப்பு நிறுத்தப்பட்டதா? திருத்தங்களை மாதந்தோறும் ஏற்றுபவர் யார்?

(5) யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற பட்டியல் தீர்மானமாகியுள்ளதா?

(6) விலகிச் சென்ற சிப்பந்திகளின் பெயர்கள் நிறுத்தப்பட்டனவா?

(7) கடைசியாக நகலிலிருந்து கோப்பை மீட்டுப் பார்த்த நாள் எது?

இவற்றுள் எதற்கும் கணிப்பொறிப் படிப்பு வேண்டியதில்லை. கையால் எழுதிய பேரேட்டுக் காலத்திலும், பெட்டகச் சாவி யாரிடம், ஏட்டில் கையெழுத்திட யாருக்கு உரிமை என்று நம் முன்னோர் கூடிப் பேசியே முடிவு செய்தனர். யந்திரம் மாறியிருக்கிறதேயன்றி, பொறுப்பு மாறவில்லை. மடித்து வைத்த ரசீதை எடுத்துக்கொண்டு ஓர் அங்கத்தினர் மீண்டும் நம் படியேறி வந்து தம் நேர்மையை மெய்ப்பிக்க நேரும் நிலையை உண்டாக்காதிருப்போமாக. கட்டிய பணத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியது சங்கத்தின் ஏடே.